டபுள் மார்க்கர் அறிக்கையில் பிறந்த தேதியைப் பாருங்கள்

கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து பெறும் பிக்மி எண், முதல் ஸ்கேன், ஃபோலிக் அமில மாத்திரை எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. சிக்கல் 12ஆவது வாரத்தில்தான் வந்தது.

குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன் எடுத்த அன்றே, குழந்தைக்குக் குரோமோசோம் குறைபாடு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் டபுள் மார்க்கர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். நான்கு நாளில் அறிக்கை வந்தது: டவுன் சிண்ட்ரோம் (21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் குறைபாடு) வாய்ப்பு 1,400இல் 1, குறைந்த அபாயம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் உறுத்தல். 25 வயதில் ஏறத்தாழ 1,250இல் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, என் 39 வயதில் ஏறத்தாழ 130இல் ஒன்று என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். மேல் மூலையில், பொடி எழுத்தில், பிறந்த தேதி 12.06.1995. நான் பிறந்தது 1985.

தொலைபேசியில் கேட்டேன். "ரத்தம் அதேதானே மேடம், வயதில் என்ன இருக்கிறது?" என்றார் ஆய்வக ஊழியர். எல்லாமே வயதில்தான் இருக்கிறது! கணக்கு தாயின் வயதுக்குரிய அபாயத்தில்தான் தொடங்குகிறது. ரத்த அளவுகளும் ஸ்கேன் அளவுகளும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. தொடக்கமே தவறினால் விடையும் தவறும்.

மறுநாள் திண்டுக்கல்லிலிருந்து மதுரையிலுள்ள அந்த ஆய்வகத்துக்கு பஸ் ஏறினேன். கைப்பேசியில் ஆதாரைக் காட்டினால் ஏற்கவில்லை, ஜெராக்ஸ் வேண்டுமாம். எடுத்து வந்தால், பதிவு செய்தவர் மதியத்துக்கு மேல்தான் வருவாராம். வாந்தியும் தலைசுற்றலுமாக மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நான் நிரப்பிய படிவத்தைத் தேடி எடுத்தார்கள். என் கையெழுத்தில் 1985 என்று தெளிவாக இருந்தது. அதன்பிறகு யாரும் வாதாடவில்லை.

திருத்திய அறிக்கை: 180இல் 1. அவர்களின் எல்லை 250இல் 1 என்பதால், அதிக அபாயம்.

எடையும் இந்தக் கணக்கில் சேரும். வாயால் கேட்டு எழுதிக்கொள்வார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று சரியான எடையை எழுதச் சொல்லுங்கள்.

தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனையும் உறுதியான விடை தராது என்பதால், 16ஆவது வாரத்தில், வயிற்றில் ஊசி செலுத்திக் குழந்தையைச் சுற்றியுள்ள நீரை எடுக்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டேன். சிறு அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். நான்கு இரவுகள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் முதற்கட்ட முடிவு வந்தது: 13, 18, 21 ஆகிய மூன்று குரோமோசோம்களும் சரியான எண்ணிக்கையில் இருந்தன. அந்தத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன்.

முடிவு நல்லபடியாக வந்ததால் அந்தப் பிழை சிறியதாகிவிடாது. மேற்கொண்டு பரிசோதிக்கலாமா வேண்டாமா என்று நானும் கணவரும் யோசிக்கும் வாய்ப்பையே அந்த ஓர் இலக்கம் பறித்திருக்கும்.

இப்போது 24ஆவது வாரம். நேற்று சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனேன். குளுக்கோஸ் தண்ணீரை வாயில் வைப்பதற்கு முன், சீட்டில் எழுதிய பிறந்த ஆண்டைப் படித்துக் காட்டச் சொன்னேன்.