செயன்முறைப் பரீட்சையில் ஆட்டோமேஷன்: டச், லாட்ச், ஒரு பரீட்சகர்

பதிவான ஒலிகளைக் கலந்து பாடலாக்கும் மிக்ஸிங் செயன்முறைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்கள், தொனியைத் திருத்தும் ஈக்யூவையும் உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரெஸரையும் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். பாட்டு ஓடும்போது நம் கை செய்யும் மாற்றங்களை மென்பொருள் எழுதிவைத்துத் திரும்பச் செய்யும் ஆட்டோமேஷனைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் கொழும்பில் ஒலிப்பதிவு டிப்ளோமாவுக்காக இந்தப் பரீட்சைக்குத் தோற்றியபோது, பரீட்சகர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து என் தோளுக்குப் பின்னால் நின்றது இந்தப் பகுதிக்குத்தான்.

முதலில் ஆட்டோமேஷன் முறைகளைக் கை பழகவேண்டும். ரீட், எழுதியதை வாசிக்கும், அவ்வளவுதான். ரைட், பிளே அழுத்திய கணத்திலிருந்து பழையதை அழித்தபடியே போகும், ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும். டச்சில், பிடித்திருக்கும்வரைதான் எழுதும். கையை எடுத்ததும் முன்பு இருந்த அளவுக்குத் திரும்பிவிடும். லாட்ச், கை விட்ட அளவிலேயே நின்று, பாட்டை நிறுத்தும்வரை எழுதிக்கொண்டே இருக்கும். பல்லவியில் ஏற்றிய அளவு, நிறுத்த மறந்தால் சரணத்தையும் விழுங்கிவிடுவது இதனால்தான். என்னைக் கேட்டால், பரீட்சை அறையில் ரைட் தேவையே இல்லை. குரலுக்கு டச். ஒரு பகுதி முழுவதும் ரிவேர்ப் (எதிரொலி) கூடுதலாக நிற்கவேண்டுமானால் லாட்ச்.

எனக்குத் தந்தது குரல், வயலின், மிருதங்கம் மூன்றும் உள்ள பாடல். பாடகி சரணத்தில் ஒவ்வொரு வரியின் கடைசி அசையையும் மெல்ல விட்டுவிடுகிறார். சரியாக அங்கேதான் மிருதங்கம் நிறைந்து வருகிறது. மிருதங்கத்தைக் குறைத்தால் பாட்டின் நடையே தளர்ந்துவிடும். ஆகவே குரலில் டச் வைத்து, அசை விழுவதற்குச் சற்று முன்பே ஃபேடரை இரண்டு டெசிபெல் அளவுக்கு உயர்த்தி, அடுத்த வரிக்கு அவர் மூச்செடுக்குமுன் விட்டேன். அந்த நேரத்தில் கண் திரையில் இருக்கக்கூடாது. வரிகளைப் பாடமாக்கிக்கொண்டு, பாடுகிறவருடன் சேர்ந்து கை நகரவேண்டும். அசை கேட்ட பிறகு உயர்த்தினால் அந்த அசை ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

"இதற்குத்தான் கம்ப்ரெஸர் இருக்கிறதே?" என்று கேட்டார் பரீட்சகர்.

"இருக்கிறது சேர். வரி முடிவில் அவர் த்ரெஷோல்டுக்குக் கீழே பாடுகிறார். அங்கே அது வேலை செய்வதில்லை."

த்ரெஷோல்ட் என்பது கம்ப்ரெஸர் அமுக்கத் தொடங்கும் அளவு. பரீட்சகர் விடவில்லை. ஃபேடரை ஏற்றினால் கம்ப்ரெஸர் கூடுதலாக அமுக்காதா என்றார். அமுக்காது, கம்ப்ரெஸர் போன்றவற்றைச் செருகும் இன்சர்ட்டுகளுக்குப் பிறகுதான் ஃபேடர் வருகிறது. பதிவுத் துண்டின் அளவையே மாற்றும் கிளிப் கெயின்தான் அவற்றுக்கு முன்னால் இருக்கிறது. மைக்கை விட்டு விலகிப் பாடிய வரி போன்ற பெரிய ஏற்றத்தாழ்வுகளை அங்கேயே சரிசெய்துவிட்டு, நுட்பமானவற்றை மட்டும் ஃபேடருக்கு விடுங்கள். அதேபோல, ஒலியின் பிரதியை ரிவேர்புக்கு அனுப்பும் சென்ட், ப்ரீ ஃபேடராக (ஃபேடருக்கு முன்பே பிரிவதாக) இருந்தால் குரல் இறங்கினாலும் எதிரொலி இறங்காது. இந்த ஓட்ட வரிசையைத் தாளில் ஒருமுறை வரைந்து பார்த்தவருக்கு வாய்மொழிக் கேள்விகளில் பாதி தீர்ந்தது.

இன்னொரு கேள்வி அநேகமாக வரும்: "முழுக் குரலையும் ஒரு டெசிபெல் குறையுங்கள்." ஃபேடரை இழுத்து பிளே அழுத்தினால் அது எழுதிய இடத்துக்கே துள்ளிப் போய்விடும், பலர் பதறுவது இங்கேதான். எழுதியதன் வடிவத்தை மாற்றாமல் மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரிம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கடைசி இன்சர்ட்டில், அளவை மட்டும் மாற்றும் ஒரு கெயின் பிளக்இன் போதும்.

பழகுவதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாட்கள் இலவசமாக முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகு சலுகை உரிமம் 60 அமெரிக்க டொலர். நம் ரூபாயில் அதுவும் சிறிய தொகையல்ல, ஆனாலும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. அதில் ட்ரிம்/ரீட், டச், லாட்ச் எல்லாமே இருக்கின்றன. தானே நகரும் மோட்டார் ஃபேடர் இல்லாவிட்டால் மவுஸ் போதும். அழுத்திப் பிடிப்பது தொடுதல், விடுவது கையெடுத்தல். ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம், ஒலி தாமதமாக வருவதால் கையும் தாமதமாகவே நகரும். நான் பழகும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பக்கம் காலி வீதி ஹோர்ன், மறுபக்கம் கடலோர ரயில். பகலில் இரண்டு டெசிபெல் வித்தியாசத்தைக் கேட்பது வீண் முயற்சி. நான் இரவு பத்து மணிக்குப் பிறகே உட்காருவேன். மின்வெட்டு சொல்லிக்கொண்டு வராது, ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு கோப்பைப் புதிய பெயரில் சேமியுங்கள்.

ப்ரோ டூல்ஸ் மென்பொருளில் ஆட்டோமேஷன் எழுதுகிறவர்கள் ஆட்டோமேஷன் சாளரத்தில் வொல்யூமை மட்டும் இயக்கிவிட்டு மியூட், பேன் (ஒலியின் இட வல நிலை) இரண்டையும் அணைத்துவைப்பது நல்லது. கை தவறி மியூட் எழுதப்பட்டால் அதைத் தேடிப் பிடிப்பதிலேயே நேரம் போய்விடும். கையால் எழுதிய கோட்டில் பிசிறு இருந்தால் கடைசியில் மவுஸால் திருத்துங்கள், ஆனால் முழுவதையும் வழித்து நேர்கோடாக்காதீர்கள்.

ஒப்படைக்குமுன் எல்லா ட்ராக்குகளையும் ரீடுக்கு மாற்றிவிடுங்கள். லாட்சில் விட்ட ட்ராக்கைப் பரீட்சகர் தம் கணினியில் ஓடவிட்டு ஃபேடரைத் தொட்டால், உங்கள் மிக்ஸின் மேல் அவருடைய கை எழுதிவிடும். புள்ளி மட்டும் உங்களுக்குத்தான் குறையும்.