ஒன்பது பேரும் மூவாயிரம் வெள்ளியும்

"மறுப்புக் கடிதத்தை யார் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன். ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. உதவி கிடைத்திருக்கிறது என்று சொல்லும் கடிதத்துக்குச் சற்று முன்புதான் நான்கு கைகள் போட்டிபோட்டு உயர்ந்திருந்தன. இதற்கு ஒரு கையும் எழவில்லை. எட்டுப் பிள்ளைகளும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாமவன் வெளியே ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் ஏன் அங்கே இருந்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் சாலைப் பக்க ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இப்போது ஈப்போவில் கணக்கராக வேலை செய்கிறேன். நாங்கள் இருந்த லயம் இன்று இல்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. எங்கள் சனம் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு, வந்துவிட்டது. அந்தத் தோட்டத்துப் பள்ளியில் படித்து வெளியூர்களில் வேலையிலிருக்கும் சிலர் சென்ற ஆண்டு 3,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்தார்கள். வழக்கம்போலப் புத்தகப்பை வாங்கிக் கொடுக்காமல், பணத்தை இடைநிலைப் பள்ளியில் படிவம் 3, படிவம் 4 படிக்கும் பிள்ளைகளின் பொறுப்பில் விடுவது என்று முடிவாயிற்று. ஊரில் யாருக்கு என்ன தேவை என்று அவர்களே விசாரிப்பார்கள், விண்ணப்பம் கேட்பார்கள், நேரில் போய்ப் பார்ப்பார்கள், வாக்கெடுத்துக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு வாக்கு கிடையாது. இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1980களின் இறுதியில், கெல்லாக் அறக்கட்டளையின் துணையோடு, ஊர்களின் சமூக அறக்கட்டளைகளில் இளையோர் குழுக்கள் அமைத்து நிதியின் ஒரு பகுதியை அவர்களிடம் விட்டார்கள். அதைப் படித்திருந்த ஒருவர்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

வழிகாட்டியாக வர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். முதல் வேலை பெற்றோரின் கையெழுத்து. கூட்டம் எதுவானாலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், எந்தப் பிள்ளைக்கும் தனியாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் குழுவில்தான் என்று எழுதிவைத்துக்கொண்டோம். பிள்ளைகளோடு பழகும் எவரும் இதைத் தளர்த்தவே கூடாது என்பது என் கருத்து.

முதல் இரண்டு கூட்டங்களில் நானே அதிகம் பேசினேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். மூன்றாவது கூட்டத்தில்தான் ஒரு பெண் கை தூக்கினாள். அதுவரை வாய் திறக்காதவள்.

"அக்கா, நாம் யாருக்குக் கொடுத்தாலும் படம் எடுக்கக் கூடாது."

ஏன் என்று கேட்டேன். அவள் நான்காம் ஆண்டு படித்தபோது தீபாவளிக்கு முன் ஒரு சங்கம் அரிசிப்பை கொடுத்ததாம். அம்மாவையும் அவளையும் பதாகைக்கு முன்னால் நிறுத்தி, பையைச் சற்று உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்களாம். மறுவாரம் வகுப்பில் ஒருவன் கைப்பேசியில் அதைக் காட்டினான். "அரிசி அந்த மாதமே தீர்ந்துவிட்டது. படம் இன்னும் இருக்கிறது" என்றாள். ஒன்பது பேரில் இன்னும் மூவர் அப்படி வரிசையில் நின்றவர்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த விதியை அவர்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினார்கள். நான் தயாரித்து வைத்திருந்த விதிகளில் அது இல்லை.

அடுத்த வாரம் ஒரு பையன் தன் பாட்டியின் பங்குச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துடையது. மடிப்புகள் கிழிந்து, ஒட்டுத்தாளும் பழுப்பேறியிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலம் அது. வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும். நம் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளிகள் ஆளுக்குப் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். விடியுமுன் ஆளெண்ணும் பிரட்டு வரிசைக்குப் போய் நின்று, பால் வெட்டிச் சம்பாதித்த பத்து வெள்ளி. பிள்ளைகளில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கி, பாட்டியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு வேகம் வந்துவிட்டது. இரவுச் சந்தையில் உண்டியல் ஏந்தி இன்னும் பணம் சேர்க்கலாம் என்றார்கள். வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதை விளக்கியதும் கையிலிருக்கும் பணத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று அவர்களே தீர்மானித்தார்கள்.

தமிழிலும் மலாயிலும் ஒரு பக்க அறிவிப்பு ஒட்டினோம். பதினொரு விண்ணப்பங்கள் வந்தன. நான்கு இடங்களுக்கு நேரில் போனார்கள். அதில் ஒன்று மறக்க முடியாதது. சிறுநீரகம் செயலிழந்த ஒரு மாமா. வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைச் செலவைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ ஏற்றுக்கொண்டிருந்தது. போய்வரும் செலவுக்குத்தான் வழியில்லை. மகள் வேலைக்கு விடுப்பு எடுத்து அழைத்துப் போவாள், விடுப்பெடுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. அவருடைய முன்கையில் இரத்த நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. "தொட்டுப் பார், துடிக்கும்" என்று ஒரு பையனிடம் கையை நீட்டினார். அவன் இரண்டு விரல் வைத்துப் பார்த்தான். திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. அதே தாமானில் இன்னும் இரண்டு பேர் அதே நாள்களில் அதே நிலையத்துக்குப் போகிறார்கள் என்பதை விசாரித்துக் கண்டுபிடித்தவர்களும் பிள்ளைகள்தான்.

மூவருக்கும் ஒரு வாடகைக் கார் பேசினால் போய்வர 50 வெள்ளி. மாதம் பதின்மூன்று நடை, 650 வெள்ளி. 3,000 வெள்ளி ஐந்து மாதத்துக்குக்கூடத் தாங்காது. "ஐந்தாம் மாதம் அவர்கள் எப்படிப் போவார்கள்?" என்று நரம்பைத் தொட்டுப் பார்த்த பையன் கேட்டான். எனக்கு விடை தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து போய் மைலோ கலக்கினேன். வழிகாட்டி செய்யும் வேலைகளில் இதைவிடக் கடினமானது வேறில்லை என்பேன். நாம் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதைத்தான் முடிவு என்று எழுதிக்கொள்வார்கள். இருபது நிமிடம் கழித்து, பாதியை நாம் தருவோம், பாதியை அந்த மூன்று குடும்பமும் பகிர்ந்துகொள்ளட்டும், முடியுமா என்று நேரில் போய்க் கேட்போம் என்றாள் ஒருத்தி. கேட்டார்கள். முடியும் என்றார்கள். முழுதும் இலவசம் என்றால் ஏறியிருக்கவே மாட்டேன் என்று ஒரு பாட்டி சொன்னாராம். மாதம் 325 வெள்ளி, ஒன்பது மாதத்துக்கு 2,925.

அப்படியானால் மற்றவர்களுக்கு இல்லை. அதில் ஒன்று கோயில். அன்னதானக் கொட்டகைக்குத் தகரம் போட 2,000 வெள்ளி கேட்டிருந்தார்கள். கோயில் செயலாளர் எங்கள் பையன் ஒருவனுக்குப் பெரியப்பா. சொந்தக்காரர் விண்ணப்பித்தால் அந்த விவாதத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. யாரும் சொல்வதற்கு முன்பே அவன் எழுந்து வெளியே போனான். நாற்பது நிமிடம் ரம்புத்தான் மரத்தடியில், கைப்பேசியைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே காரசாரமாகப் பேசினார்கள். காருக்கு ஐந்து பேர், கோயிலுக்கு மூன்று பேர்.

கடைசியில் கடிதத்தை எழுதியவள் படம் எடுக்கக் கூடாது என்றவள். முதல் வரைவில் ஆறு காரணங்கள் அடுக்கியிருந்தாள். "இது உன் அம்மாவுக்கு வந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டேன். தாளைத் திருப்பி வைத்து மறுபடி எழுதினாள். கொட்டகை எங்களுக்கும் வேண்டியதுதான், இம்முறை மருத்துவப் பயணத்தை முதலில் வைத்தோம், உங்கள் விண்ணப்பத்தை முழுதும் படித்தோம், நேரில் வந்து பார்த்தோம் என்று நான்கு வரி. அஞ்சலில் அனுப்பாமல் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். செயலாளர் நின்றபடியே படித்தார். "சரி" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அந்தப் பையனின் வீட்டோடு அவர் சில வாரம் பேசவில்லை. நான் போய் அவன் அப்பாவைப் பார்த்தேன். "சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பொல்லாப்பு தேவையா?" என்று கேட்டார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் மறுப்புக் கடிதங்களைப் பெரியவர்கள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. கொடுக்கும் கடிதத்தை மட்டும் பிள்ளைகளிடம் விட்டால், முடிவின் பாதிப் பாரத்தை அவர்கள் அறியவே மாட்டார்கள். பையன் அடுத்த கூட்டத்துக்கும் வந்தான். வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து நாற்காலிகளைப் போட்டான்.

கார் ஓடத் தொடங்கி இப்போது ஐந்தாவது மாதம். கணக்கு ஒரு 555 குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. தேதி, ஓட்டுநர் கையெழுத்து, மூவரின் கையெழுத்து. கட்டுப்போட்ட கையால் போடுவதால் மாமாவின் கையெழுத்து மட்டும் கோணிக்கொண்டிருக்கும். போன புதன்கிழமைப் பக்கத்தில் இரண்டே கையெழுத்து. பாட்டியை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கார் வாடகை அதே 50 வெள்ளிதான். பாட்டியின் பங்கை மற்ற இரு வீடும் கட்டுவதா, நாம் ஏற்பதா என்று புலனக் குழுவில் கேட்டிருக்கிறார்கள். நான் பதில் போடவில்லை. சனிக்கிழமை கூட்டம். அதற்கு முன் எல்லோருமாகப் பாட்டியைப் பார்க்கப் போகிறார்கள்.