கண்ணுக்கு முன்னால் பூச்சி

தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து எட்டே நாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள்.

"விசேஷத்தன்று நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் சிஸ்டர், அதனால்தான் காலில் நீர் கோத்துக்கொண்டது" என்றார் அம்மா. நெஞ்சுக்குழியில் வலி என்றதற்கு, வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். கேட்டதற்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார். அவரைச் சற்று வெளியே அனுப்பிவிட்டுத் தலை வலிக்கிறதா என்று கேட்டேன். "காலையிலிருந்து வலி. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது" என்றாள்.

ரத்த அழுத்தம் 170/110. சிறுநீரைச் சூடாக்கியதும் திரிதிரியாகத் திரண்டது, அத்தனை புரதம்.

ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து ஏற்றச் சில வாரங்களாவது கிடைக்கும். சர்க்கரை என்றால் உணவுக் கட்டுப்பாடு, தேவைப்பட்டால் இன்சுலின். இது கர்ப்பகால ரத்த அழுத்த நோய், ப்ரீஎக்ளாம்ப்சியா. அப்படியல்ல. அடுத்த நிமிடமே ஜன்னி, அதாவது வலிப்பு, வரலாம். மருத்துவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் குப்பிகளை உடைத்தேன். குப்பிக்கு ஒரு கிராம், பத்துக் குப்பிகள். இரு பக்க இடுப்பிலும் ஐந்தைந்து கிராம் ஆழமாகப் போட வேண்டும். கடுமையான வலி. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுத்தத்தைக் குறைக்க நிஃபெடிபின் மாத்திரை கொடுத்தேன்.

வலிப்பு வந்தால் வளையல் உடைந்து கிழித்துவிடும். கழற்றச் சொன்னேன், பிரசவத்துக்கு முன் கழற்றக் கூடாது என்று அம்மா அழுதார். வாதாட நேரமில்லை. வளையல்கள் மேல் துணியை இறுகச் சுற்றிவிட்டு 108 வண்டியில் ஏற்றினேன்.

இடப்பக்கமாகப் படுக்க வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. சுத்தியலால் தட்டினால் முழங்கால் உதற வேண்டும். உதறாவிட்டால் மருந்து மிஞ்சிவிட்டது என்று பொருள். அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் என் மடியிலேயே இருந்தது. தேவைப்படவில்லை.

இந்த நோய்க்கு முடிவான சிகிச்சை பிரசவம்தான். மறுநாள் காலை அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். அதன் பிறகும் 24 மணி நேரம் அதே ஊசி தொடர்ந்தது.

வீடு திரும்பியதும் ரத்த அழுத்தக் கருவியோடு போனேன். "குழந்தைதான் பிறந்துவிட்டதே, இன்னும் எதற்கு சிஸ்டர்?" என்றார் அம்மா. பிரசவத்துக்குப் பிறகும் ஜன்னி வரும் என்பதைச் சொன்னேன். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்தேன்.