பக்கத்தில் இருந்து பார்த்த வெளியீடு

மென்பொருள் வெளியீட்டுக் குழு ஒன்றுக்கு ஒரு வாரம் ஒரே அறையில் கூடியிருக்க வாய்ப்புக் கிடைத்தால், அதைத் திட்டமிடல் கூட்டங்களில் கரைத்துவிடக் கூடாது. இது என் உறுதியான கருத்து. திட்டத்தை எழுதிப் பகிரலாம், எழுத்திலேயே மறுத்துப் பேசலாம். ஆனால் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவருடைய கை எந்த இடத்தில் நின்றுவிட்டு மறுபடி நகர்கிறது என்பது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். எங்கள் வேலையில் ஆபத்தெல்லாம் அந்த இடங்களில்தான் இருக்கிறது.

எங்கள் குழு அண்மையில் கொழும்பில், கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் கூடியது. ஒரு காலத்தில் பழையவர்கள் எல்லோரும் இதே மாடியில் இருந்தவர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒருவர் ரொறன்ரோ போனார், ஓர் அக்கா மெல்பேர்ன் போனார். அதன் பின்னர் யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் தம்பி ஒருவரும் குருநாகலைச் சேர்ந்த சிங்களத் தோழி ஒருவரும் வந்து சேர்ந்தார்கள். இவ்விருவரையும் நாங்கள் திரையில்தான் அறிந்திருந்தோம். தம்பி இரவு பஸ்ஸில் வந்து அதிகாலையில் வெள்ளவத்தையில் இறங்கி, குளித்துவிட்டு, எங்களுக்கு முன்பே அலுவலகத்தில் இருந்தார்.

வெளியீட்டுப் பொறியியல் என்பது மற்றவர்கள் எழுதிய நிரலைத் தொகுத்து, சோதித்து, எங்களிடமிருந்துதான் வந்தது, இடையில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமிட்டு, பயன்படுத்துவோரின் கணினிக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது. தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைப் புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று, புதிய நிரல் போக வேண்டிய எட்டுச் சேர்வர்களில் ஒன்றுக்கு அது போகவில்லை. அந்த ஒன்றில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டொலருக்கும் மேல் நட்டம் வந்தது. பின்னர் விசாரித்த ஒழுங்குமுறை ஆணையம் எடுத்துக் காட்டிய குறைகளில் ஒன்று மிக எளிமையானது: வேலையை இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து நடைமுறை அங்கு இருக்கவில்லை.

இரண்டாவது கண் என்று சொல்வது எளிது. அந்தக் கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதை யார் சொல்வது?

திங்கட்கிழமை வழக்கம்போல் அட்டவணையும் திரையுமாகப் போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செவ்வாய்க்கிழமை அடுத்த பதிப்பின் முன்னோட்ட வெளியீடு இருந்தது. அதை யாழ்ப்பாணத் தம்பி செய்வது, எங்கள் குழுவிலேயே மூத்தவரான அண்ணா பக்கத்தில் வாய் திறக்காமல் இருப்பது, மற்றவர்கள் கொப்பியில் குறித்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். தம்பி வழிகாட்டி ஆவணத்தை வரி வரியாகப் படித்து அதன்படியே செய்தார். தொகுப்பு முடிந்தது, சோதனைகள் பச்சை காட்டின. அடுத்த வரி கையொப்பம். அவர் கட்டளையைத் தட்டப் போகும்போது அண்ணாவின் கை தன்னையறியாமல் மௌஸை நோக்கிப் போனது. போய், மேசை விளிம்பில் நின்றது.

“என்ன அண்ணா, ஏதாவது விட்டுவிட்டேனா?” என்று தம்பி கேட்டார்.

“இல்லை தம்பி, ஆவணத்தில் உள்ளபடி சரியாகத்தான் செய்கிறீர்கள். நான் என்றால் இந்த இடத்தில் அந்தக் கோப்புறையை ஒரு தரம் திறந்து பார்ப்பேன்.”

“எதைப் பார்ப்பீர்கள்?”

அண்ணா சற்று யோசித்தார். “கோப்புகளின் அளவை. போன பதிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பழக்கம்.”

ஆவணத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பல பதிப்புகளை அவர் வெளியிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தச் சரிபார்ப்பு நடந்திருக்கிறது, ஆனால் அவர் விடுப்பில் இருந்தபோது மற்றவர்கள் வெளியிட்டவற்றில் நடக்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஒரு கூட்டத்தில் “ஆவணம் முழுமையாக இருக்கிறதா?” என்று அவரிடம் கேட்டிருந்தால் ஆம் என்றே சொல்லியிருப்பார், அது உண்மையான பதிலாகவும் இருந்திருக்கும். அந்தப் பழக்கம் அவருக்கே ஒரு படியாகத் தெரிந்திருக்கவில்லை.

காரணம் அன்று மாலைதான் வெளிவந்தது. காலி முகத்திடலில் இறால் வடை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். 2022-இல் போராட்டக் கூடாரங்கள் இருந்த பக்கத்தைக் கைகாட்டி, அந்த ஆண்டைப் பற்றி அண்ணா கதைக்கத் தொடங்கினார். மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. எங்கள் தொகுப்பு இயந்திரம் அப்போது அலுவலகத்திலேயே இருந்தது. பேட்டரியில் ஓடும் மின்காப்புச் சாதனம் சிறிது நேரம்தான் தாங்கும். ஆங்கில எழுத்துகளால் பகுதிகளைப் பிரித்து மின்வெட்டு அட்டவணை வரும். அதைப் பார்த்துத்தான் அவர் தொகுப்பைத் தொடங்குவார். ஒருநாள் அட்டவணைக்கு முன்பே மின்சாரம் போய்விட்டது. கோப்புகள் பாதி நகலான நிலையில் இயந்திரம் நின்று, பிறகு எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கையொப்பமிடும் கருவிக்கு உள்ளே இருப்பது முழுதா அரைகுறையா என்று தெரியாது, கொடுத்ததற்குக் கையொப்பமிட்டுவிடும். அனுப்புவதற்குச் சற்று முன்பு கோப்பின் அளவு குறைவாக இருப்பதை அவர் தற்செயலாகக் கண்டார். அன்றிலிருந்து பார்க்கிறார்.

புதன்கிழமை இதைச் சுற்றியே போனது. இப்போது தொகுப்பு இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த மேகக் கணினியில் நடக்கிறது, மின்வெட்டு அங்கே பொருட்டில்லை, எனவே இந்தப் படி தேவையில்லை என்று குருநாகல் தோழி வாதிட்டார். பதிவேற்றம் பாதியில் அறுந்தாலும் இதே நிலைதானே என்றார் தம்பி. அளவு குறைந்தால் வெளியீட்டைத் தானாக நிறுத்தும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது சிறு நிரலை, எழுதலாம் என்று உடன்பட்டோம். ரொறன்ரோ நண்பருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்ததால் அவரால் வர முடியவில்லை. அறைக்குள் நாங்கள் ஆங்கிலமும் சிங்களமும் தமிழுமாக ஒருவர் மேல் ஒருவர் பேசுவதைத் திரை வழியாகப் பின்தொடர்வது அவருக்கு இயலாத காரியம். ஆகவே ஒவ்வொரு மாலையும் ஒருவர் அன்றைய முடிவுகளை எழுதி அனுப்ப வேண்டும், அவர் பதில் எழுதும்வரை எந்த முடிவும் இறுதியல்ல என்று வைத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் அவருடைய பதில் காத்திருந்தது: தேவையற்ற நூலகம் (நிரலோடு சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுதி) ஒன்றை நாங்கள் நீக்கினாலும் அளவு குறையுமே, நல்ல பதிப்பையும் அல்லவா நிறுத்திவிடுவீர்கள்? அவர் சொன்னது சரி. அளவை விட்டுவிட்டு, தொகுப்பு முடிந்த கணத்திலேயே ஒவ்வொரு கோப்பின் பெயரையும், உள்ளடக்கம் சற்று மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற அதன் ஹாஷ் மதிப்பையும் பட்டியலிட்டு, கையொப்பத்துக்கு முன் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவதாக மாற்றினோம். நேரில் கூடுவதன் அருமையைப் பேசுகிறவர்கள், வர முடியாதவர் பங்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நேரில் மட்டுமே செய்யத்தக்க வேலை ஒன்றும் இருந்தது. 2023 ஜூன் 1 முதல், நிரலுக்குக் கையொப்பமிடும் இரகசியச் சாவிகள் பாதுகாப்பான வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது, கையொப்பம் இன்னாருடையது என்று சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களின் பொது விதி. சாவிகள் திருடப்பட்டுத் தீய மென்பொருளுக்குக் கையொப்பமிடப் பயன்பட்டதால் வந்த விதி அது, நல்ல விதி. ஆனால் எங்களுக்கு அதன் விளைவு, விரல் நீளக் கருவி ஒன்று அண்ணாவின் மேசை லாச்சியில் பூட்டப்பட்டிருந்ததும், அண்ணா கொழும்பை விட்டு நகர முடியாமல் இருந்ததும்தான். அந்த வாரம் இரண்டாவது சான்றிதழையும் இரண்டாவது கருவியையும் யாழ்ப்பாணத்துக்காக ஆயத்தம் செய்தோம். தம்பி தன் கடவுச்சொல்லைத் தானே அமைத்து, ஒரு சோதனைக் கோப்புக்குக் கையொப்பமிட்டார். வேறொரு கணினியில் தோழி அதைச் சரிபார்த்தார். கருவி தொலைந்தால் சான்றிதழை ரத்துச் செய்யும் வழியை மெல்பேர்ன் அக்கா எழுதி வைத்தார். இணையத்தளப் பெயர்களைக் கணினிகளின் எண் முகவரிகளாக மாற்றும் அமைப்புக்கே வேராக உள்ள சாவியைப் பயன்படுத்த, 2010 முதல் பல நாட்டவர்கள் அமெரிக்காவில் உள்ள இரண்டு நிலையங்களில் நேரில் கூடித்தான் சடங்குபோல் அதை நடத்துகிறார்கள். முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்க முடிகிற இந்தக் காலத்தில், சாவியைக் கையில் கொடுத்து வாங்குவது வீண் சம்பிரதாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்பாராமல் தீர்ந்த சிக்கலும் உண்டு. எங்கள் சோதனைகளில் ஒன்று 2001-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றின் கொழும்பு நேரத்தில் அரை மணித்தியாலம் பிசகுகிறது என்று நீண்ட காலமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. தேநீர்க் கோப்பையோடு பின்னால் நடந்துபோன மெல்பேர்ன் அக்கா திரையைப் பார்த்துவிட்டு, “அப்போது ஆறு மணித்தியாலம் அல்லவா? நான் பள்ளிக்கூடம் போன காலம்” என்றார். உண்மைதான். இலங்கை 1996-இல் முதலில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, பின்பு அதே ஆண்டில் அரை மணித்தியாலம் குறைத்தது. உலகப் பொது நேரத்திலிருந்து பழைய ஐந்தரை மணித்தியால வித்தியாசத்துக்கு 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. நிரல் சரி, சோதனையை எழுதியவரின் கணக்குத்தான் பிழை. இளையவர்கள் இருவருக்கும் இந்த வரலாறே புதிது.

அடுத்த முறை யாழ்ப்பாணத்தில் கூட வேண்டும் என்று நிருவாகத்துக்கு எழுதியிருக்கிறேன். திட்டமிடலை அதற்கு முன்பே எழுத்தில் முடித்துவிட்டு, திங்கட்கிழமையே ஒரு வெளியீட்டில் தொடங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அதைக் குருநாகல் தோழி செய்வார். பக்கத்தில் வாய் திறக்காமல் இருக்க வேண்டியவர் இம்முறை தம்பி.