ஃபௌலர் பெயர் வைத்த குட்டித் தெரு

நியூயார்க் மாநிலத்தில், ஒட்சீகோ ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர் கூப்பர்ஸ்டவுன். சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருப்பது இங்கேதான். நான் முதலில் தேடிப் போனது வேறு இடம்: டபுள்டே பேஸ்பால் மைதானத்துக்குப் போகும் ‘ஃபௌலர் வே’ என்ற குட்டித் தெரு. 2013-ல் வைத்த பெயர்.

பட் ஃபௌலர் 1858-ல் பிறந்து, இந்த ஊரில் வளர்ந்தவர். அப்பா முடிதிருத்துபவர், மகனுக்கும் அந்தத் தொழில் கைவந்தது. தொழில்முறை பேஸ்பால் ஆடியவர்களில் நமக்குத் தெரிந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1878-ல், இருபது வயதில், ஒரு காட்சி ஆட்டத்தில் பாஸ்டன் அணிக்கு எதிராகப் பந்து வீசி 2-1 என்று ஜெயித்தார். பாஸ்டன் அப்போது அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான நேஷனல் லீக்கின் சாம்பியன்!

நான் நின்றபோது சில பையன்கள் மைதானத்துக்குப் போனார்கள். அவர்களுடைய ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஷூக்கள், தரையில் டக் டக்கென்று கேட்டது. எனக்கு அடிவயிறு கலங்கியது. ஓடுகிறவர்கள் தொட்டாக வேண்டிய இரண்டாம் பேஸில் ஃபௌலர் காவல் நிற்கும்போது, ஓடி வருகிறவர்கள் வேண்டுமென்றே அந்த ஆணிகளை அவர் கால்மீது பாய்ச்சுவார்களாம். முழங்காலுக்குக் கீழே மரத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு ஆடினார் அந்த மனிதர்.

1887-ல் பிங்கம்டன் அணியில் அவருடைய பேட்டிங் சராசரி .350, பேஸ்பாலில் இது மிக நல்ல கணக்கு. இருந்தும் சொந்த அணிக்காரர்களே அவரோடு ஆட மறுத்தார்கள். அணியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்த ஜூலையிலேயே, கறுப்பின வீரர்களை இனிப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று பிங்கம்டன் ஆடிய இன்டர்நேஷனல் லீக் முடிவு செய்தது. அணி மாறி அணி மாறி அவர் ஊர் ஊராக அலைந்தது திறமை போதாமல் அல்ல. இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

அப்புறம் அவரே அணி கட்டினார். மிச்சிகனின் ஏட்ரியன் ஊரில், ஒரு கம்பிவேலி கம்பெனியின் ஆதரவில் வந்த பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ். 1895-ல் அதன் மேனேஜரும் ஆட்டக்காரரும் அவரே. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அணியின் சொந்த ரயில் பெட்டியில். ஓர் ஊரில் இறங்கினால் சைக்கிளில் ஊர்வலம் போய் ஆட்டம் பார்க்கக் கூட்டம் சேர்ப்பார்கள்.

ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது 2022-ல். வெண்கலப் பலகையைப் பார்த்துவிட்டு, அவர் 1913-ல் வறுமையில் இறந்த, அதே நியூயார்க் மாநிலத்து ஃபிராங்ஃபர்ட் ஊருக்குக் காரில் போனேன். அங்குள்ள கல்லறையில் 1987 வரை ஒரு கல்கூட இல்லை. பேஸ்பால் வரலாற்று ஆர்வலர்கள் வைத்ததுதான் இப்போது இருப்பது. ஜான் ஜாக்சன் என்ற இயற்பெயரும் அதில் இருக்கிறது. எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் ‘பட்’ என்று கூப்பிடுவாராம். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. எழுத்துகளின் பள்ளத்தில் பாசி படிந்திருந்தது. விரலால் துடைத்துவிட்டேன்.