பரங்கி மலை இரண்டாக உடைந்த தேர்வு

தாம்பரத்துக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ஷெல் ஸ்கிரிப்டிங் (கணினிக்குத் தட்டச்சில் ஆணையிட உதவும் ஷெல்லுக்கான கட்டளைகளைக் கோப்பில் வரிசையாக எழுதி ஓட்டுவது) ஆய்வகத்தை நான் முதன்முதலாக நடத்திய பருவத்தில், மாதிரித் தேர்வில் பெரும்பாலான மாணவர்கள் நல்ல மதிப்பெண் பெற்றதைக் கண்டு, பாடம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்றே நம்பினேன். ஃபேக்டோரியல், ஃபிபொனாச்சி, மூன்று எண்களில் பெரியது எது என்று ரெக்கார்டு நோட்டில் இருந்த பயிற்சிகளுள் ஒன்றைச் சீட்டெடுத்து எழுதுவதே அத்தேர்வு. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவியிடம், அவர் பிழையின்றி எழுதியிருந்த நிரலில் மாறியை (ஒரு மதிப்பைத் தாங்கும் பெயரை) சுற்றியிருந்த இரட்டை மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நோட்டுல அப்படித்தான் சார் இருந்தது" என்றார். குறை அவரிடம் இல்லை. கோப்புகளையும் பிற கட்டளைகளையும் கையாளவே பிறந்த ஷெல்லை, எண்கணிதம் மட்டும் செய்யவைத்துச் சோதித்த வினாத்தாளில்தான் இருந்தது.

அடுத்த பருவத்தில் கிண்டி, சைதாப்பேட்டை, பரங்கி மலை என்று மூன்று கோப்புகளை ஒரு கோப்புறையில் வைத்து, அவற்றை வேறொரு கோப்புறைக்கு நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கேட்டேன். கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை அப்படியே, ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை ஓடும் ஃபார் சுழற்சிக்குள் கொடுத்தவர்களுக்கு, இடைவெளி இருந்த இடத்தில் பெயர் உடைந்து, 'பரங்கி' என்றும் 'மலை' என்றும் இல்லாத இரு கோப்புகளை ஷெல் தேடியது. இதைவிட முக்கியமான பாடம் எனக்கே கிடைத்தது. கடைசி வரியில் "முடிந்தது" என்று எக்கோ கட்டளையால் அச்சிட்டிருந்ததால், நகலெடுப்பு தவறியும் ஸ்கிரிப்டின் வெளியேறு நிலை (வெற்றியா தோல்வியா என்று முடிவில் தரும் எண்) 0, அதாவது வெற்றி, என்றே வந்தது. ஏனெனில், அந்த நிலையைக் குறிப்பிடும் எக்ஸிட் கட்டளையைத் தனியாகச் சொல்லாதபோது கடைசியாக ஓடிய கட்டளையின் நிலையே ஸ்கிரிப்டின் நிலை. அந்த 0-ஐ மட்டும் பார்த்துத் திருத்திய என் தானியங்கிச் சோதனை எல்லோருக்கும் முழு மதிப்பெண் அளித்திருந்தது. அன்று முதல், ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தபின் கோப்புறையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை ஒப்பிட்டே திருத்துகிறேன்; காலியான கோப்புறையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன், ஏனெனில் பாஷ் என்ற ஷெல்லில், எல்லாக் கோப்புகளையும் குறிக்க இடும் நட்சத்திரக் குறிக்குப் பொருந்தும் கோப்பு ஏதுமில்லையெனில் அக்குறியே ஒரு கோப்பின் பெயர்போலச் சுழற்சிக்குள் நுழைந்துவிடும்.

வகுப்பில் மிகுந்த பயன் தந்தது, ஓட்டுவதற்கு முன் விடையைக் காகிதத்தில் எழுதவைத்ததே. ஐந்து வரிகள் கொண்ட கோப்பை, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் வழியாக, வரிகள் தீரும்வரை ஓடும் வொயில் சுழற்சிக்கு அனுப்பி, உள்ளே ஒரு மாறியில் வரிகளை எண்ணி, சுழற்சிக்கு வெளியே அதை அச்சிடும் நிரலைக் கொடுத்தேன். 5 என்று எழுதியவர்கள் திரையில் 0 கண்டு திகைத்தார்கள். பாஷில் இயல்பாகப் பைப்பின் ஒவ்வொரு பகுதியும் துணை ஷெல்லில், அதாவது ஷெல்லின் தனிப் பிரதியில், ஓடுவதால், அங்கே கூடிய எண்ணிக்கை அங்கேயே அழிகிறது. பைப்பை விட்டு, சுழற்சியின் முடிவில் கோப்பைத் திசைதிருப்பிக் கொடுத்தால் 5 வருகிறது. இந்தக் காரணத்தை நான் சொல்லுமுன் அவர்களே அரைமணி நேரம் தேடட்டும் என்று விட்டுவிடுவது நல்லது.

ஸ்கிரிப்டில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டும் ஷெல்செக் கருவியை முதல் வாரத்திலேயே தரவேண்டாம் என்பது என் கருத்து. தானாக ஒரு பிழையைக் கண்டறியாதவருக்கு அதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டாகிவிடும். முதல் முயற்சிக்கு மதிப்பெண் இடாமல், எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று இரண்டு வரி எழுதி மீண்டும் சமர்ப்பிப்பவருக்கே அகமதிப்பெண் அளிக்கிறேன். வெளித்தேர்வாளர் வரும் நாளில் அதே ஃபிபொனாச்சிச் சீட்டுகள்தான் என்பதால், கடைசி இரண்டு வாரங்களை அதற்கென ஒதுக்கிவிடுகிறேன்.