கழுத்தில் கத்தி, வாயில் ஜானி டேமன்

முடி வெட்டிக்கொள்ளும்போது கருத்து சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஊரில் எங்கள் தெரு சலூனில் கண்ணாடிக்கு மேலே "இங்கு அரசியல் பேசாதீர்" என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் அரசியல் பேசுவார்கள். வால்தமில் அப்படி ஒரு போர்டு இல்லை. இருந்திருந்தால் அதில் "இங்கு ஜானி டேமன் பற்றிப் பேசாதீர்" என்று எழுதியிருப்பார்கள், நானும் தப்பித்திருப்பேன்.

2019 கோடையில் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து பாஸ்டன் பக்கத்தில் உள்ள வால்தமுக்குக் குடிவந்தோம். வேலை மாற்றம், 15 சதவீத ஹைக். வந்த இரண்டாவது வாரம் முடி வெட்டப் போனேன். மூன்று நாற்காலி போட்ட சின்னக் கடை. எழுபது தாண்டிய ஒரு பெரியவர்தான் முதலாளி, அவரேதான் தொழிலாளி. சுவரோரப் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் தலையில் வெட்டுவதற்கு எதுவுமே இல்லை. இவர்கள் வேறு எதற்கோ வருகிறார்கள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் போட்டுக்கொண்டு போனது ஒரு கருநீலத் தொப்பி. முன்னால் 'என்'னும் 'ஒய்'யும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். எடிசனில் பாதித் தெரு அதைத்தான் போடும். அது நியூ யார்க் யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணியின் தொப்பி என்பது வரை தெரியும். வெயிலுக்குப் போடுகிற தொப்பிக்குக் கட்சி ஏது என்று இருந்துவிட்டேன். கழற்றி ஆணியில் மாட்டியதும் பெஞ்சில் பேச்சு நின்றது.

பெரியவர் எதுவும் சொல்லவில்லை. துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கம். முடியை ஒழுங்காகத்தான் வெட்டினார். பின்கழுத்தில் நுரையைத் தடவிக் கத்தியை வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, உனக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார்?"

யாங்கீஸ் பெயர் எதுவும் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு அந்த நொடியில் ஞானம் வந்துவிட்டது. உள்ளூர் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸில் யாரையாவது தெரியுமா என்று மூளையைக் கசக்கினேன். பழைய ஆபீசில் பாஸ்டன்காரர் ஒருவர் 2004 அணியின் படத்தை மேசையில் வைத்திருந்தார். அதில் தோள் வரை முடியும் நெஞ்சைப் பார்க்கிற தாடியுமாக, சர்ச் காலண்டரிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி ஒருத்தர் இருப்பார். அவர் பெயர் மட்டும் நினைவுக்கு வந்தது.

"ஜானி டேமன்" என்றேன், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாணவனின் சிரிப்போடு.

கத்தி நின்றது. பெஞ்சில் யாரோ "ஜீசஸ்" என்றார்கள். நான் டேமனின் தோற்றத்தைப் புகழ்கிறார்கள் என்று நினைத்தேன்.

கதை இதுதான். பாஸ்டன் 1918-ல் உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் வருடாந்திரக் கோப்பையை, வென்றது. அடுத்த ஆண்டு கடைசியில் தன் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை 1,00,000 டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றது. பிறகு 2004 வரை, 86 வருடம், கோப்பை கிடையாது. (ரூத்தை விற்றதைப் பெரியவர் சொல்லும்போது, போன வியாழக்கிழமை நடந்தது போலவும், விற்ற பத்திரத்தில் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டது போலவும் இருக்கும்.) அந்த 2004-ல், உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில், யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்று, அடுத்த நான்கையும் வென்றார்கள். ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸின் சொந்த மைதானத்திலேயே இரண்டு ஹோம் ரன் (நம் ஊர் சிக்ஸர் மாதிரி) அடித்தவர் நம் டேமன். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. 2005 டிசம்பரில் அதே டேமன் யாங்கீஸில் போய்ச் சேர்ந்தார். நான்கு வருடத்துக்கு 52 மில்லியன். அடுத்த மே மாதம் பாஸ்டனுக்கு ஆட வந்து, தலைக்கவசத்தைத் தூக்கி வணக்கம் சொன்னபோது மைதானமே ஊளையிட்டது.

இதையெல்லாம் பெரியவர் என் கழுத்துக்குப் பின்னாலிருந்து சொன்னார். ஆனால் போனதுகூட அவருக்குப் பெரிய குற்றம் இல்லை. யாங்கீஸில் அப்போது தாடி வைக்கக் கூடாது, முடி சட்டைக் காலரைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. 1970களில் அப்போதைய முதலாளி போட்டது. டேமன் முடியை வெட்டி, தாடியை மழுமழுவென்று எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

"அந்தத் தாடியை நியூ யார்க்கில் எடுத்தான்" என்றார் பெரியவர். ஐம்பது வருடத் தொழில்காரரின் வேதனை குரலில் தெரிந்தது. எடுக்கத்தான் போகிறான் என்றால் உள்ளூரிலாவது எடுத்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "பாஸ்டன் எவ்வளவு தருவதாகச் சொன்னது சார்?" என்று கேட்டேன்.

"நாற்பது."

"நாற்பதிலிருந்து ஐம்பத்திரண்டா? 30 சதவீத ஹைக்! நான் பதினைந்துக்கே வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறேன். தாடி என்ன, முப்பது என்றால் புருவத்தையே எடுத்திருப்பேன்."

எங்கள் தொழிலில் இதற்கு பார்ட்டி வைப்பார்கள். இங்கே பெஞ்சில் இருந்த நால்வரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது இடது கிருதா வலதைவிட அரை அங்குலம் மேலே இருந்தது. தற்செயலாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் ஏன் அதே கடைக்குப் போனாய் என்று மனைவியும் கேட்டாள். நடந்து போகிற தூரத்தில் வேறு கடை இல்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், பேச்சு ருசியாக இருந்தது. அடுத்த தடவை தொப்பியை வீட்டில் விட்டுவிட்டு, கொஞ்சம் படித்துக்கொண்டு போனேன். டேமனைத் திட்டுகிறீர்களே, வேட் பாக்ஸும்தானே இங்கிருந்து யாங்கீஸுக்குப் போனார் என்று கேட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் தவறாமல் சிக்கன் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவாராம் அந்த மனிதர். 1996-ல் யாங்கீஸ் ஜெயித்தபோது போலீஸ் குதிரை மேலேறி மைதானத்தைச் சுற்றி வந்தவர். அவருடைய சட்டை எண்ணான 26-ஐ 2016-ல் பாஸ்டன் வேறு யாருக்கும் தராமல் மரியாதை செய்து வைத்திருக்கிறது. இது என்ன நியாயம்?

பெரியவர் சீப்பைத் தட்டினார். "அது வேறு."

ஆறு வருடமாக நான் மடக்கிக் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் இதுதான் பதில். நம் குடும்பங்களில் சின்னத் தாத்தா ரகசியமாக இன்னொரு வீடு வைத்திருந்ததைக் கேட்டால் என்ன பதில் வருமோ, அதே பதில், அதே தொனி.

பெஞ்சுக்கென்று ஒரு நிரந்தர வழக்கு உண்டு, பில் பக்னர் வழக்கு. 1986 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம், நியூ யார்க் மெட்ஸுக்கு எதிராக. பத்தாவது இன்னிங்ஸ், பாஸ்டன் இரண்டு ரன் முன்னால், இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் கோப்பை. எல்லாம் கைநழுவி, கடைசியில் மூக்கி வில்சன் என்பவர் அடித்த உருண்டைப் பந்து, முதல் பேஸில் நின்ற பக்னரின் கால்களுக்கு நடுவே போயே போய்விட்டது. ஏழாவது ஆட்டமும் போயிற்று. தன் வாழ்நாளில் 2,715 ஹிட் அடித்த மனிதரை ஊர் அந்த ஒரு பந்துக்காகப் பல வருடம் கரித்துக்கொட்டியது. பெஞ்சில் வழுக்கைக்காரர் ஒருவர், பக்னருக்குக் கணுக்கால் சரியில்லை என்று தெரிந்தும் கடைசி நேரத்தில் மாற்றாளை இறக்காத மேனேஜர்தான் குற்றவாளி என்பார். இன்னொருவர், அதற்கு முன்பே ஒரு மோசமான பந்து வீசி ஸ்கோரைச் சமமாக்கியவனை விட்டுவிட்டீர்களே என்பார். இருவரும் கண்ணில் நீர் வர வாதாடுவார்கள். 2008-ல் பக்னரைக் கூப்பிட்டு, ஆட்டம் தொடங்கும் முன் மரியாதைக்கு முதல் பந்து வீசச் சொன்னபோது ஊரே எழுந்து நின்று கைதட்டியதாம். திட்டியதில் தன் பங்கு எவ்வளவு என்று மட்டும் பெஞ்சில் யாரும் சொல்லவில்லை.

மூக்கி என்ற பெயரே பாஸ்டனுக்கு ராசியில்லை என்று நினைக்கிறேன். 2018-ல் கோப்பை வாங்கித் தந்த மூக்கி பெட்ஸை 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு நிர்வாகமே அனுப்பிவைத்தது. மார்ச்சில் கொரோனா வந்து முடிதிருத்தும் கடைகளையெல்லாம் மூடச் சொல்லிவிட்டார்கள். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். மனைவி வெட்டிவிட்ட தலையோடு போயிருந்தேன். அதைப் பார்த்தும் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பேசியதெல்லாம் பெட்ஸைப் பற்றித்தான். கடை மூடினால் திறக்கலாம், பெட்ஸ் போனால் போனதுதான் என்றார். அந்த அக்டோபரிலேயே டாட்ஜர்ஸ் ஜெயித்தது. தத்துக் கொடுத்த பிள்ளை அங்கே போய்க் கலெக்டராகிவிட்ட மாதிரி, சந்தோஷப்படவும் முடியாமல் அழவும் முடியாமல் இருந்தார் மனிதர்.

இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட நாளாயிற்று. நாமாக அனுப்பிய பிள்ளை எங்கிருந்தாலும் நம் பிள்ளை. சொத்தைப் பிரித்துக்கொண்டு தானாகப் போனவன் பங்காளி. 2024 உலகத் தொடரில், யாங்கீஸ் மைதானத்தில், சுவரோரம் எகிறிப் பந்தைப் பிடித்த பெட்ஸின் கையுறைக்குள்ளிருந்து இரண்டு யாங்கீஸ் ரசிகர்கள் பந்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நோண்டுகிறார். மறுநாள் பெரியவர் கத்தியையே தொடவில்லை, கை நடுங்குகிறது என்று மெஷினிலேயே முடித்துவிட்டார். பெட்ஸ் பாஸ்டனை விட்டுப் போய் நாலரை வருடம் ஆகியிருந்தது.

நடுவில் ஒருமுறை ஃபென்வே பார்க்குக்கும் கூட்டிப் போனார். அவர் மச்சானுக்கு முழங்கால் ஆபரேஷன், டிக்கெட் வீணாகப் போகக் கூடாதாம். 1912-ல் திறந்த, ரெட் சாக்ஸின் சொந்த மைதானம். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு நேர் முன்னால் கூரையைத் தாங்குகிற ஒரு இரும்புத் தூண். இடதுபக்கம் சாய்ந்தால் பந்து வீசுகிறவர் தெரிவார், வலதுபக்கம் சாய்ந்தால் அடிக்கிறவர். இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் பாக்கியம் இல்லை. ஒருபக்கம் வீசியதைப் பார்த்துவிட்டு, முடிவைப் பெரியவரின் முகத்தில் பார்த்துக்கொண்டேன்.

பாஸ்டன்காரர் ஒருவர் முதல் இரண்டு தடவையும் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை ஒழுங்காக அடிக்க முடியாமலே அவுட், ஆனார். முன்வரிசையில் ஒரு அம்மாள், மடியில் ஸ்கோர் அட்டை, காதில் பென்சில். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'கே' என்று எழுத வேண்டும். மட்டையை வீசாமலேயே நின்று அவுட்டானால் அந்தக் 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும். அந்த அம்மாள் திருப்பிப் போட்ட 'கே'யை மேலும் இரண்டு முறை அழுத்தி எழுதினார், ஸ்கூல் டீச்சர் பூஜ்யம் போடுகிற மாதிரி. பெரியவரோ எழுந்து நின்று, அந்தப் பையனின் சம்பளம், கண் பார்வை, வளர்ப்பு மூன்றையும் பற்றிச் சந்தேகம் எழுப்பினார். பத்தில் மூன்று தடவை சரியாக அடித்தாலே பெரிய ஆட்டக்காரர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். எங்கள் வீட்டில் பத்துக்கு மூன்று வாங்கினால் முட்டி போட வேண்டும், இங்கே லட்சக்கணக்கில் தருகிறார்கள். "அது வேறு" என்றார்.

மூன்றாவது தடவை டொக்கென்று ஒரு சத்தம். நான் தப்பான பக்கம் சாய்ந்திருந்தேன். இடது மூலையில் 37 அடி உயரத்துக்கு நிற்கிற பச்சைச் சுவரையும் தாண்டிப் பந்து போய்விட்டதாம். பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். "தங்கமான பையன், நான் அப்போதே சொன்னேனே!" அம்மாளின் பென்சில் கீழே உருண்டுவிட்டது, கடலைத் தோலுக்கு நடுவே குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து பழைய பாட்டு ஒன்றைப் பாடினார்கள். எனக்கு வரி தெரியாது, தூணைத் தட்டித் தாளம் போட்டேன். திரும்பும்போது ரயிலில், அந்தப் பச்சைச் சுவருக்குள்ளே ஒரு கதவு உண்டு, 2005-ல் ஆட்டத்துக்கு நடுவே பாஸ்டன் ஆட்டக்காரர் மேனி ராமிரெஸ் அதற்குள் போய் மறைந்துவிட்டு, அடுத்த பந்துக்குச் சற்று முன்னால்தான் வெளியே வந்தார் என்று பேரனின் குறும்பைச் சொல்வது போலச் சொன்னார். வேறு யாராவது செய்திருந்தால்? கேட்கவில்லை. பதில் தெரியும்.

எனக்கும் இப்போது ஒரு பிடித்த ஆட்டக்காரர் இருக்கிறார், பாபி பொனியா. மெட்ஸ் அணி அவருக்குத் தர வேண்டிய 5.9 மில்லியனை அப்போதே வாங்கிக்கொள்ளாமல், 8 சதவீத வட்டிக்கு விட்டுவைத்தார். 2001-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் 2011-லிருந்து 2035 வரை, ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் 11,93,248 டாலரும் 20 சென்ட்டும் வந்துகொண்டே இருக்கும். எட்டு சதவீத எஃப்.டி.! என் அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அந்தத் தம்பி நல்லாயிருக்கணும்" என்றார். கடையில் சொன்னபோது பெஞ்சில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

2025 பிப்ரவரியில் போனபோது கடையில் ஒரே அமைதி. யாங்கீஸ் அந்தத் தாடிச் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. ஒழுங்காகப் பராமரிக்கிற தாடி என்றால் இனி வைத்துக்கொள்ளலாம். பெரியவர் வெகுநேரம் துணியை உதறிக்கொண்டே இருந்தார்.

"அப்படியானால் அவன் எடுத்தது?"

யாரும் பதில் சொல்லவில்லை.

"நல்ல தாடி" என்றார். டேமனைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. இதுதான் சமயம் என்று, "ஆள் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டதா சார்?" என்றேன்.

நுரை தடவிய பின்கழுத்தில் கத்தி நின்றது.

"நான் தாடியைச் சொன்னேன்" என்றார்.